ஏரியில் விழுந்த பிள்ளை

உலகநாதனைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஏரிக் கதையும் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் அவன் லேத் ஓட்டினான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மெஷின்காரனிடம் அந்தக் கதையைச் சொன்னான். கல்யாணப் பந்தியில் மாமனாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னான். மகள் பிறந்து விவரம் தெரிந்த பிறகு, சோறு இறங்காத நாட்களில் அவளுக்கும் அதைத்தான் சொன்னான்.

சண்டைக் காலம். ஆவடி முழுக்கப் பட்டாளத்துக் கொட்டகைகள். லாரிகளைக் கழுவுவதற்காக வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சேக்காட்டு ஏரிக்கு வருவார்கள். அப்படி ஒருநாள் அவர்கள் வந்திருந்தபோது ஒரு குழந்தை கால் வழுக்கி ஏரியில் விழுந்துவிட்டது. எட்டு வயது உலகநாதன் யோசிக்கவே இல்லை; குதித்தான், குழந்தையின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டான். பார்த்துக்கொண்டிருந்த சார்ஜண்ட் ஓடி வந்து, தன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி அவன் கையில் வைத்து மூடினான். அவ்வளவுதான் கதை. ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் உலகநாதன் ஒரு சாண் உயர்ந்துவிடுவான்.

“அந்த விசிலு எங்க?” என்று யாராவது கேட்டால், “எங்கியோ பூட்ச்சி” என்பான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஆடிக் காற்று அவன் வீட்டுக் கூரையில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போனது. சேக்காட்டில் அப்பன் காலத்துக் கீற்று வீடு அது. அப்பனும் அம்மா வேம்புலியம்மாளும் அடுத்த ஊர் நிலத்தில் கூலிக்குப் போய்க் கட்டிய சுவர். இனி ஓடு போட்டுவிடலாம் என்று தீர்மானித்து, மிச்சமிருந்த கீற்றையும் பிரித்தபோது, சுவருக்கும் விட்டத்துக்கும் நடுவில் செருகியிருந்த ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. பட்டாளத்து டின். மூடி துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவி கெங்கம்மாள் கத்தி முனையால் நெம்பித் திறந்தாள்.

ஆணி போன ஒரு பம்பரம். பச்சைக் கோலி ஒன்று. கிரீடம் பொறித்த பித்தளைப் பொத்தான். கறுத்து இறுகிப்போன ஒரு கயிற்றுச் சுருள். எல்லாவற்றுக்கும் அடியில், கந்தல் துணியில் சுற்றி, அந்த விசில்.

“ஐயோ, நீ சொன்னது நெசந்தானா!” என்றாள் கெங்கம்மாள். பத்து வருஷமாக அவள் அதை நம்பவில்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அது வலிக்கவில்லை. கையில் அத்தாட்சி இருந்தது.

போன தீபாவளி போனஸில் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய பெட்டிக் கேமரா வாங்கியிருந்தான். மேலே வெயில், மேகம் என்று இரண்டு படம் போட்ட ஒரு சின்ன முள்; முதுகில் எண் தெரிகிற சிவப்புக் கண்ணாடி; ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். அதுவரைக்கும் மகளையும் எதிர் வீட்டு ஆட்டையும் எடுத்திருந்தான். மகளுக்குத் தலை வரவில்லை. ஆடு மட்டும் நன்றாக வந்திருந்தது.

டின்னில் கிடைத்ததை எல்லாம் படம் எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரு வெறி பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வேட்டியை விரித்து, பொருட்களை ஒவ்வொன்றாக வைத்து, குனிந்து மூக்கு முட்டுகிற தூரத்தில் கேமராவை வைத்து எடுத்தான். ஃபிலிம் சுருளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு சைக்கிள் மிதித்தான். அங்கே டிரங்க் ரோட்டில் ஹாஜா மொய்தீன் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். அவனைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஹாஜா உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னாத்த எடுத்த அண்ணாத்தே? மாவு கொட்டினாப்புல கீது.”

“விசிலு பாய்.”

“விசிலுக்குள்ளாற பூந்து எடுத்தியா? இந்தப் பொட்டிக்கு ஆறடி தள்ளி நிக்கணும். கிட்டப் போனா அதுக்குக் கண்ணு தெரியாது.”

இரண்டாவது சுருளுக்கு ஆறடி தள்ளி நின்றான். எல்லாம் தெளிவாக வந்தது. ஆனால் பொருட்கள் வேட்டி நடுவில் எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக இருந்தன. வெள்ளையில் வைக்காதே, கறுப்பில் வை, நான் பெரிசு பண்ணித் தருகிறேன் என்றார் ஹாஜா. மூன்றாவது சுருளுக்குக் குடைத்துணியைப் பிரித்து விரித்து, சாய்வெயிலுக்காகக் காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். பம்பரத்தைச் சுற்றி அந்தக் கறுத்த கயிற்றை அழகாக வளைத்து வைத்து ஒன்று. பொத்தானும் கோலியும் ஒன்று. விசில் தனியாக ஒன்று. பெரிசு பண்ணிய விசில் படத்தில் அதன் வாய் தேய்ந்திருந்ததுகூடத் தெரிந்தது. ஹாஜாவே, “இது படம்” என்றார்.

பூந்தமல்லிக்கு அவன் இப்படி எத்தனையோ தடவை போய் வந்தான். பக்கத்திலேயே இருக்கிற சென்னீர்குப்பத்தில்தான் அவனுடைய அக்கா ராஜம்மா குடியிருந்தாள். ஒரு தடவைகூட அங்கே சைக்கிளைத் திருப்பவில்லை. திருப்பக் கூடாது என்று இல்லை. தோன்றவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் தொழிலாளிகளின் கைவேலைகளைக் காட்சிக்கு வைக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ஒருவன் தீக்குச்சியில் கோபுரம் செய்தான். ஒருத்தன் இரும்புச் சுருளில் மயில் செய்தான். உலகநாதன் தன் மூன்று படங்களைக் கொடுத்தான். விசில் படத்துக்குக் கீழே ஒட்டுவதற்காக, நல்ல கையெழுத்துள்ள டைம் ஆபீஸ் கிளார்க்கிடம் சொல்லி ஒரு அட்டை எழுதி வாங்கினான்: ‘எட்டு வயதில் ஏரியில் மூழ்கிய குழந்தையைக் காப்பாற்றியதற்காக வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எனக்குப் பரிசளித்த விசில்.’

பூஜை அன்று குடும்பத்தோடு எல்லோரும் வந்தார்கள். மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்; ஷெட் முழுக்கப் பொரியும் சாம்பிராணியும் மணத்தன. கெங்கம்மாள் அவனிடம் சொல்லாமலேயே ராஜம்மாவையும் வரச்சொல்லியிருந்தாள். சாயம் போன நீலப் புடவையில், ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, அக்கா உள்ளே வந்தாள். உலகநாதன் தலையை ஆட்டினானே தவிர, யாருக்கும் அவளை இன்னார் என்று சொல்லவில்லை.

மேனேஜர் லோகநாதன் விசில் படத்தின் முன்னால் நின்று அட்டையைச் சத்தமாகப் படித்தார். “நம்ம கம்பெனியில இப்படி ஒரு வீரர் இருக்கார்னு எனக்குத் தெரியாதே!” என்று உலகநாதனின் முதுகில் தட்டினார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தப் படத்துக்கு இரண்டாம் பரிசு என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கூட்டத்தில் தங்கவேல் நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேனாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். சேக்காட்டுக்காரர்தான், சின்ன வயதிலேயே பட்டாபிராம் பக்கம் குடிபோய்விட்டவர். உலகநாதனைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

“டேய் உலகு, இன்னாடா எழுதிகீது இதுல?” என்றார் சிரித்துக்கொண்டே. “நீயா காப்பாத்துன? யார?”

“யாரோ ஒரு கொயந்த, அண்ணாத்தே.”

“யாரோன்னா? சேக்காட்டுல அப்ப இருந்த ஊட்ட வெரல் உட்டு எண்ணிடலாம். யார் ஊட்டுப் புள்ள? பேரு இன்னா?”

உலகநாதன் வாயைத் திறந்தான். பெயர் வரவில்லை. முகமாவது வரும் என்று பார்த்தான். அதுவும் வரவில்லை. எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறான்! தண்ணீரின் நிறத்தைச் சொல்லியிருக்கிறான், லாரியின் சத்தத்தைச் சொல்லியிருக்கிறான், சார்ஜண்டின் செம்பட்டை மீசையைச் சொல்லியிருக்கிறான். அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழந்தை எங்கே போயிற்று, அதன் தாய் வந்து இவனை ஒரு வார்த்தை வாழ்த்தினாளா, எதுவுமே தெரியவில்லை.

“நீச்சலே தெரியாதவன் நீ,” தங்கவேல் விடவில்லை. கெட்ட எண்ணம் இல்லை. பழைய சங்கதி கிடைத்த சந்தோஷம். “உழுந்ததே நீதான்டா! நான் அந்தாண்டக் கரையில மாடு மேச்சிகினு இருந்தேன். உங்க அக்கா குதிச்சி இல்ல உன்ன இஸ்துகினு வந்துச்சி. தோ நிக்குதே, ராஜம்மா, நீயே சொல்லு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“இல்லண்ணே. உனுக்கு மறந்து பூட்ச்சி,” என்றாள். “தம்பிதான் குதிச்சான். நான் கரையில நின்னு அழுதுகினு இருந்தேன். தம்பிதான் குதிச்சி, முடியப் புடிச்சி, இஸ்துகினு வந்து கரையில போட்டான்.”

பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். சொல்லும்போது தம்பியைப் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். செத்துப்போன அம்மா சொல்லிவந்ததும் இதே வார்த்தைகள்தான், இதே வரிசையில்தான் என்பது உலகநாதனுக்கு உறைத்தது. அந்த ஒரு நொடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவன் என்ன செய்தான் என்றால், தங்கவேலைப் பார்த்து, “கேட்டுகினியா அண்ணாத்தே?” என்றான்.

தங்கவேல் ராஜம்மாவை ஒரு பார்வை பார்த்தார். “சரிம்மா, நீ சொன்னா சரி” என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போய்விட்டார்.

பரிசாக ஓர் எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். ஆவடிக்குத் திரும்பும் பஸ்ஸில் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டு வந்தாள். கெங்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, “அந்தக் கொயந்த யாருய்யா?” என்று மட்டும் கேட்டாள். அவன் மகளிடமிருந்து கேரியரை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். அவளும் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்துக்குப் போனான். படங்களையும் கேமராவையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டான். போனதும் அக்காவை ஒரு படம் எடுப்பது, அப்படியே பேச்சை ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனான்.

ராஜம்மா பெங்களூர் ரோட்டு ஓட்டல் ஒன்றுக்கு மாவு ஆட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் செங்கல் லாரியில் லோடு ஏற்றப் போய்விடுவான். தம்பியைப் பார்த்ததும் குழவியை நிறுத்தாமலேயே, “வா, வா, குந்து. கெங்கம்மா வர்லியா?” என்றாள்.

அவன் வாசற்படியில் உட்கார்ந்து, ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு, “யக்கா, உழுந்தது நானா?” என்றான்.

குழவி நின்றது. பிறகு மறுபடியும் சுற்றியது.

“அது எப்பவோ நடந்தது. இன்னாத்துக்கு இப்போ அது?”

“சொல்லுக்கா.”

அவள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவன் நீட்டிய படங்களை வாங்கிப் பார்த்தாள். பம்பரப் படத்தில் அவள் விரல் நின்றது.

“இன்னா, இத்தப் பம்பரக் கவுறுன்னு வச்சிகீற? இது உன் இடுப்புல கட்டியிருந்த அர்ணாக் கவுறுடா. இத்தப் புடிச்சித்தான் உன்ன இஸ்தேன். கரையாண்ட வந்ததும் அறுந்து பூட்ச்சி. அம்மா எடுத்து வச்சிருந்திருக்கு, பாரேன்.”

“முடியப் புடிச்சில்ல…”

“முடி ஏது உனுக்கு? திருத்தணில மொட்ட போட்டுகினு வந்து ஒரு வாரங்கூட ஆகல அப்போ.”

அவனுக்கு அப்போது எட்டு வயதும் இல்லை, ஆறுதான். ராஜம்மாவுக்குப் பத்து. லாரி பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த தம்பியை அவள்தான் கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். சார்ஜண்ட் விசிலைக் கொடுத்தது அவளுக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் அப்பா மாட்டுக்கோலால் அவளை அடித்தார், பிள்ளையை ஏன் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனாய் என்று. இதையெல்லாம் ராஜம்மா அடுத்த வீட்டுச் செய்தி மாதிரி சொன்னாள்.

“அப்புறம் ஏன்க்கா என்ன மாத்திச் சொல்ல உட்டீங்க?”

“நீ தூங்க மாட்ட. கண்ண மூடினா தண்ணி தண்ணின்னு அலறுவ. குளிக்க வச்சா, சொம்பத் தூக்கினாலே உதறுவ. பூசாரி மந்திரிச்சாரு, தர்காவுல ஓதித் தண்ணி தெளிச்சாங்கோ, ஒண்ணும் கேக்கல. அப்பத்தான் அம்மா சொல்லிச்சி, அவன் உழுவல, வேற ஒரு புள்ளதான் உழுந்துச்சி, இவன்தான் காப்பாத்துனான்னு சொல்லுடீன்னு. தெனம் உன்ன மடியில போட்டுகினு சொல்லும். என்னியும் சொல்லச் சொல்லும். விசில உன் கழுத்துல கட்டச் சொல்லிச்சி. கட்டுனேன். பத்து நாள்ல நீ தூங்க ஆரம்பிச்சிட்ட.”

“பெருசானப்புறமாவது சொல்லியிருக்கலாமே.”

“எப்ப சொல்றது? உன் கல்யாணத்துல மாமனாருக்குச் சொல்லிகினு கீற. நான் சாம்பார் வாளியோட பின்னாடி நிக்கிறேன். அப்ப வந்து இல்லன்னு சொல்லச் சொல்றியா?” ராஜம்மா சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

“உனுக்கு கோவமே வர்லியாக்கா?”

அவள் மாவில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

“ஒரு தபா வந்துச்சி. அம்மா காரியத்தன்னிக்கி. வந்தவங்களுக்கு நீ அந்தக் கதையச் சொல்லிகினு இருந்த. ‘எங்கக்கா கரையில நின்னுகினு ஓன்னு அழுவுது, ஒண்ணுத்துக்கும் ஒதவல’ன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்கோ. அது அம்மா சொல்லிக் குடுத்தது இல்ல. அத்த நீயே சேத்துகின. அன்னிக்கி எனுக்குச் சோறு எறங்கல.”

உலகநாதனுக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. சாவு வீட்டுப் பாரத்தைக் குறைக்க ஒரு வேடிக்கை பேசியதாகத்தான் அவன் நினைத்திருந்தான். அவர்கள் சிரித்ததும் இன்னும் கொஞ்சம் இழுத்து, அக்கா அழுத மாதிரி நடித்துக்கூடக் காட்டினான். அப்போது அவள் எங்கே இருந்தாள் என்று பார்க்கவில்லை. அம்மாவின் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டு பின்கட்டில் இருந்திருப்பாள். அங்கிருந்து எல்லாம் காதில் விழும்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்தான். ஆனால் எதற்கென்று கேட்பது? தெரியாமல் சொன்னதற்கா, தெரிந்தும் போன வாரம் “கேட்டுகினியா” என்றதற்கா? முதலாவதை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது. இரண்டாவதைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. அவள் எடுக்காததுதான் அவனைத் தலை நிமிரவிடாமல் செய்தது. பையிலிருந்த கேமராவை அவன் வெளியே எடுக்கவேயில்லை. அந்தப் பெட்டியை முகத்துக்கு நேராகத் தூக்கி, ‘அக்கா, இப்படிப் பாரு’ என்று சொல்ல அவனுக்கு வாய் வராது என்று தோன்றியது.

கிளம்பும்போது ராஜம்மா ஒரு தூக்கில் மாவு ஊற்றிக் கொடுத்தாள். “இன்னிக்கே ஊத்திடச் சொல்லு, நாளிக்கி வச்சா புளிச்சிடும்” என்றாள்.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குமுன் மேனேஜர் அறைக்குப் போய், நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னான். மேனேஜர் பேனாவை மூடித் திறந்துகொண்டே கேட்டார். அவர் திட்டுவார், அல்லது பெரிய மனசு என்று பாராட்டுவார் என்று உலகநாதன் எதிர்பார்த்தான். அவர் இரண்டும் செய்யவில்லை.

“சரிய்யா, படத்துக்குத்தான் பரிசு, கதைக்கு இல்ல. கேரியரை நீயே வச்சுக்கோ. போ, மெஷின் நிக்குது பாரு,” என்றார். அவருக்கு அது அவ்வளவுதான்.

காட்சி இன்னும் ஒரு வாரம் இருப்பதாக ஏற்பாடு. உலகநாதன் பழைய அட்டையைக் கிழித்துவிட்டு, தன் கோணல் கையெழுத்தில் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினான்: ‘சேக்காட்டு ஏரியில் விழுந்த என்னை என் அக்கா ராஜம்மா காப்பாற்றினாள். அதற்காக அவளுக்குக் கொடுத்த விசில்.’ மத்தியான மணி அடித்ததும் கூட்டம் கூடியது. ஒருவன் படித்துக் காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு ‘ஏரி’ என்று பெயர் விழுந்தது. “ஏரி, ஸ்பேனர் குடு.” “ஏரி, டீ வந்துச்சி.” முதல் மாதம் ஒவ்வொரு முறையும் காது மடல் எரியும். பிறகு எரிவது குறைந்தது. ஆனால் ஒருநாளும் நிற்கவில்லை. தங்கவேல் மட்டும் அவனை அந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை. கேட்டில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு, “போப்பா” என்பார். தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று அவருக்கும் இருந்தது போலும்.

டிபன் கேரியரையும் விசிலையும் சென்னீர்குப்பத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். ராஜம்மா கேரியரை வாங்கிக்கொண்டாள். விசிலை வேண்டாம் என்றாள். “அத்த வச்சிகினு நான் இன்னா பண்றது?” என்றாள்.

கம்பெனியில் சொன்னதைவிடக் கஷ்டமான ஒன்று பாக்கி இருந்தது. அவன் மகள் மூன்றாம் வகுப்பில் தன் அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, “எங்க நைனா சொல்லுவாரு பாருங்க” என்று அவன் எதிரே உட்கார வைத்தாள். கெங்கம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

உலகநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீரில் விழுந்தது தான்தான் என்றும், குதித்தது ராஜம்மா அத்தை என்றும் சொன்னான். அர்ணாக் கயிற்றைச் சொன்னான். அத்தை அடி வாங்கியதையும் சொன்னான். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அத்தையைப் பார்க்க வேண்டும் என்றாள் ஒருத்தி.

அவர்கள் போன பிறகும் மகள் எழுந்திருக்கவில்லை. தரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

“அப்போ நீ ஒண்ணுமே பண்ணலியா நைனா?”

“ஒண்ணும் பண்ணல,” என்றான் உலகநாதன். “அழுதுகினு இருந்திருப்பேன். அதுகூட எனுக்கு ஞாபகம் இல்ல.”

மகள் அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து, அம்மாவிடம் போனாள். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.